பக்கத்து வீட்டுப் பெருநாளும் நம் வீட்டுப் பொங்கலும்: சின்னப் பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைப் பக்கம் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். பண்டிகை மாதம் வந்தால் காலையில் கேட்டடியில் நின்று அம்மாக்கள் கேட்பதும், இரவில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வருவதும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான். எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் தொண்டை மிச்சம். நான் சைவக் குடும்பத்துப் பிள்ளை, அந்தப் பக்கத்திலிருந்துதான் எழுத வருகிறது; முஸ்லிம், கிறிஸ்தவ, சிங்கள வீட்டுக்காரர் உங்கள் பக்கத்துக்குத் திருப்பி வாசித்துக்கொள்ளுங்கள்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் விளங்குமா? எப்போது தொடங்கலாம்?

விளங்காது, விளங்கவும் தேவையில்லை. அந்த வயதில் பண்டிகை என்றால் வாயும் மூக்கும் காதும்தான். வட்டிலப்பம் இனிக்கும், சாம்பிராணி மணக்கும், பௌத்தரின் வெசாக் பண்டிகைக்குக் கட்டுகிற வெளிச்சக் கூடு இரவில் மினுங்கும். "இது முன்வீட்டு மாமி தந்தது, அவங்களுக்கு இண்டைக்குப் பெருநாள்" என்று சொன்னால் போதும், அதற்கு மேல் பாடம் எடுக்க வேண்டாம். ஐந்து வயதில் "ஏன் நாங்க அப்படிச் செய்யிறல்ல?" என்று கேள்வி வரும். ஏழெட்டு வயதில் காரணமும் கதையும் கேட்பார்கள். ஆனால் ஒன்று, "நாங்கள்", "அவங்கள்" என்று நாம் என்ன தொனியில் கதைக்கிறோம் என்பதை நாலு வயதிலேயே பிடித்துவிடுகிறார்கள். அதனால் பிள்ளைக்கு வயது போதாது என்று நினைத்து வீட்டில் கண்டதையும் கதைக்காதீர்கள்.

முதலில் மற்றவர்களின் பண்டிகையைச் சொல்லிக் கொடுக்கவா, நம்முடையதையா?

நம்முடையதை. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. தன் வீட்டுப் பொங்கலை நின்று பாராத பிள்ளைக்கு அடுத்த வீட்டு நோன்பு வெறும் வேடிக்கையாகத்தான் தெரியும். இப்போது பல வீடுகளில் ரைஸ் குக்கரில் பொங்கி, படத்துக்கு முன்னால் வைத்து, போனில் படம் எடுத்து, எட்டு மணிக்கெல்லாம் டிவிக்கு முன்னால் இருந்துவிடுகிறோம். பிள்ளை எதைப் பார்க்கும்?

முற்றத்தைக் கூட்டி, கோலம் போட்டு, மூன்று கல் வைத்துப் பானையை ஏற்றுங்கள். பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் கட்டுகிற வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள், கோணலாகத்தான் கட்டும், பரவாயில்லை. பால் பொங்கி எந்தப் பக்கம் வழிகிறது என்று எல்லாரும் குனிந்து பார்க்கிற அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே, அதற்குத்தான் பிள்ளை அடுத்த வருசமும் விடியக் காலையில் எழும்பும். பிறகு சின்னக் கைப்பிடியால் மூன்று தரம் அரிசி போடச் சொல்லுங்கள்.

சித்திரைப் புத்தாண்டும் அப்படித்தான். தலையில் வைத்துக் குளிக்கக் கோயிலில் இருந்து போத்தலில் வாங்கி வருகிற மருத்துநீரில் துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு என்று என்னென்ன கிடக்கிறது என்று மணந்து பார்க்கச் சொல்லலாம். பஞ்சாங்கத்தில் சொன்ன இலையைத் தலையிலும் காலடியிலும் வைத்துப் பிள்ளையை நிறுத்தி, வீட்டில் மூத்தவர் தலையில் தேய்த்துவிடும்போது அது கூச்சத்தில் சிரிக்கும், மருந்து கண்ணுக்குள் போய்விட்டது என்று அழும். அதெல்லாம் சேர்ந்ததுதான் வருசப்பிறப்பு. ஏன் என்று கேட்டால் அம்மம்மாவிடம் அனுப்புங்கள். அவருக்கும் பொழுது போகும்.

இதையெல்லாம் பாடசாலையில் படிப்பிக்க மாட்டார்களா?

கொஞ்சம் படிப்பிப்பார்கள். ஆனால் நம் ஊர் அமைப்பை யோசித்துப் பாருங்கள். தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை, சிங்களப் பாடசாலை என்று மூன்றும் தனித்தனி. சமய பாடம் என்று வந்தால் சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம், பௌத்தம் என்று அவரவர் சமயம் மட்டும்தான். வாணி விழா ஒரு பாடசாலையில், மீலாத் விழா இன்னொன்றில், ஒளி விழா வேறொன்றில். தமிழ் ஊரான ஆரையம்பதிப் பிள்ளையும் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிப் பிள்ளையும் நடந்து போகிற தூரத்தில் வளர்ந்து, ஏ.எல். முடித்துக் கம்பஸுக்குப் போன பிறகுதான் ஒருவரோடு ஒருவர் ஒழுங்காகக் கதைக்கிறார்கள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த விசயம். ஆக, பிள்ளைகள் தெருவைக் கடந்து மற்றவர் வீட்டுக்குள் போகிற வாய்ப்பு பண்டிகை நாளில்தான் இருக்கிறது. அதைப் பாடசாலை செய்து தராது, நாம்தான் செய்ய வேண்டும்.

பெருநாள் ஏன் ஒவ்வொரு வருசமும் வேறு நாளில் வருகிறது என்று மகன் கேட்கிறான். எனக்கே சரியாகத் தெரியாது.

இது அருமையான கேள்வி, இதை வைத்தே ஒரு வருசம் ஓட்டலாம். நம் நாட்டுச் சுவர்க் கலண்டர் மாதிரி ஒரு படிப்புச் சாமான் வேறு இல்லை. எல்லாருடைய பண்டிகையும் ஒரே தாளில் கிடக்கிறது, பூரணை நாள் எல்லாம் லீவு.

பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் சூரியனைப் பார்த்து வருபவை. அதனால் ஒன்று ஜனவரி 14 அல்லது 15, மற்றது ஏப்ரல் 13 அல்லது 14, அதைவிட்டு அசையாது. நத்தார் எப்போதும் டிசம்பர் 25. முஸ்லிம்களின் மாதம் பிறையோடு தொடங்குகிறது. பன்னிரண்டு பிறை மாதம் சேர்ந்தால் 354 அல்லது 355 நாள்தான் வரும், சூரிய வருசத்துக்குக் கிட்டத்தட்ட 11 நாள் குறைவு. அந்த 11 நாள்தான் பெருநாளை ஒவ்வொரு வருசமும் முன்னுக்கு இழுக்கிறது. 2000ஆம் ஆண்டுக் கடைசியில் நத்தார் முடிந்து இரண்டு மூன்று நாளில் நோன்புப் பெருநாள் வந்தது. 2024இல் அதே பெருநாள் சித்திரைப் புத்தாண்டு வாரத்திலேயே வந்தது. 2030இல் ஒரே ஆண்டுக்குள் இரண்டு தரம் நோன்பு தொடங்கும், ஜனவரியில் ஒரு தரம், டிசம்பர் கடைசியில் இன்னொரு தரம். இதைச் சொன்னால் பிள்ளைகளின் கண் விரிவதைப் பார்க்க வேண்டும்.

வெசாக் மே மாதப் பூரணை. நம் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கும் குளிர்த்தியும் வருவது வைகாசிப் பூரணையை ஒட்டி. மட்டக்களப்பு மாமாங்கேசுவரர் கோயிலிலும் திருக்கோவிலிலும் தீர்த்தம் ஆடி அமாவாசையில். உயிர்த்த ஞாயிறுகூட மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பூரணைக்கு அடுத்த ஞாயிறுதான். பிள்ளையோடு ஒரு மாதம், ஒவ்வொரு நாளும் பின்னேரம், வாசலில் நின்று நிலாவைப் பார்த்துக் கலண்டர்க் கட்டத்துக்குள் அதன் வடிவத்தைப் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். மழை நாளில் வெறும் மேகத்தை வரையட்டும். றமழான் மாதத்தில் செய்தால் இன்னும் நல்லது, கடைசி இரவு கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடிப் பிறை கண்டதை அறிவிக்கும் வரைக்கும், நாளைக்குப் பெருநாளா இல்லையா என்று பக்கத்து வீட்டில் எல்லாரும் காத்திருப்பார்கள். உங்கள் பிள்ளையும் காத்திருக்கட்டும்.

பெருநாளைக்குச் சாப்பாடு வந்தால் பிள்ளைக்குக் கொடுக்கலாமா? மாட்டிறைச்சியாக இருந்தால்?

கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பழகிய முஸ்லிம் குடும்பங்களுக்கு நம் பழக்கம் நன்றாகத் தெரியும். தமிழ் வீட்டுக்கு அனுப்புவதென்றால் கோழியோ, வட்டிலப்பம் மாதிரி இனிப்போதான் பெரும்பாலும் வரும், "மாமி, இது கோழிதான்" என்று கொண்டுவருகிற பிள்ளையே சொல்லிவிட்டுப் போகும். வெள்ளிக்கிழமை நம் வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லையென்றால் அதையும் சொல்லி வைக்கலாம், அடுத்த தரம் சனிக்கிழமை அனுப்புவார்கள்.

மறுபக்கத்தையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். நாம் கொண்டுபோய்க் கொடுக்கிற பொங்கலைச் சில முஸ்லிம் வீடுகளில் சாப்பிடுவார்கள், சில வீடுகளில் சாமிக்குப் படைத்தது என்றால் சாப்பிட மாட்டார்கள். சில கிறிஸ்தவ சபைக் குடும்பங்களிலும் அப்படித்தான். இதற்கு எங்கள் தெருவில் ஒரு நல்ல வழி இருக்கிறது. படைக்க முதலே ஒரு பாத்திரத்தில் எடுத்துத் தனியாக வைத்துவிடுவார்கள். கொடுக்கும்போது "இது படைக்காதது" என்று சொல்லிக் கொடுப்பார்கள். பலகாரமும் வாழைப்பழமும் எப்போதும் சிக்கல் இல்லாதது. ஹலால் என்றால் என்ன என்று பிள்ளை கேட்டால், எந்த இறைச்சி, எப்படி அறுத்தது என்பதில் அவங்களுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, நமக்கு விரத நாளில் இருப்பது போல, என்று சொன்னால் போதும்.

யாராவது வாங்க மறுத்தால் பிள்ளையின் முகம் வாடும். அப்போதே சொல்லிவிடுங்கள்: "அவங்க உன்னை வேண்டாம் எண்டு சொல்லல்ல, அந்தச் சாப்பாடு அவங்க சாப்பிடுறல்ல, அவ்வளவுதான்." பெரியவர்களுக்கே இது சில நேரம் விளங்குவதில்லை.

நோன்பு பிடிக்கிற கூட்டாளிக்கு முன்னால் பிள்ளை பிஸ்கட் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், சின்னப் பிள்ளைதானே. ஆனால் நீட்டிக் காட்டிக் கிண்டல் செய்யக் கூடாது. நோன்பு பிடிக்கிறவர் விடியுமுன் சாப்பிட்டால் பிறகு பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் தண்ணீரும் குடிப்பதில்லை என்று சொன்னதும் "தண்ணியுமா?" என்று எல்லாப் பிள்ளையும் கேட்கும். அங்கே நிறுத்தி நம்மவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் இருக்கிற பெரியம்மா, தவக்காலத்தில் இறைச்சியை விட்டுவிடுகிற கத்தோலிக்க மாமா, போயா என்கிற பூரணை நாளில் சில் (பௌத்த விரதம்) எடுத்து மதியத்துக்குப் பிறகு சாப்பிடாமல் இருக்கிற சிங்கள ஆச்சி. பசி எல்லாருக்கும் தெரியும். பின்னேரம் பள்ளிவாசலில் ஊற்றுகிற நோன்புக் கஞ்சி ஒரு கோப்பை கிடைத்தால் விடாதீர்கள், தேங்காய்ப்பாலும் உள்ளியும் வெந்தயமும் சேர்ந்த அந்தச் சூட்டுக்கு ஈடு இல்லை.

"எல்லாச் சாமியும் ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டால் சுலபம் இல்லையா?

சுலபம்தான், ஆனால் பிள்ளை அதை நம்பாது. பள்ளிவாசலுக்குள் சிலை இல்லை, கோயிலுக்குள் இருக்கிறது. ஒரு வீட்டில் நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூது செய்கிறார்கள், இன்னொரு வீட்டில் கற்பூரம் காட்டுகிறார்கள். கண்ணால் பார்க்கிற வித்தியாசத்தை இல்லை என்று சொன்னால் பிள்ளை நம் பேச்சைச் சந்தேகிக்கும். இன்னொன்று, "எல்லாம் ஒன்றுதான்" என்பது சைவக்காரரான நமக்கு வாயில் இலகுவாக வருகிற பேச்சு. முஸ்லிம் வீட்டிலோ கிறிஸ்தவ வீட்டிலோ போய்ச் சொன்னால் அவர்களுடைய நம்பிக்கையை நாம் திருத்துவது போல ஆகிவிடும். வித்தியாசம் இருக்கிறது, அதோடு சேர்ந்துதான் கூட்டாளிகளாக இருக்கிறோம் என்று சொல்லுங்கள்.

அதற்காகப் பொதுவாக இருப்பதை மறைக்கவும் வேண்டாம், இந்தக் கரையில் அது நிறைய இருக்கிறது. தாய்வழிக் குடி, அதாவது தாய் வழியாக வருகிற குலப் பிரிவு, தமிழர் முஸ்லிம்கள் இரண்டு பக்கத்துக்கும் உண்டு, பிள்ளை தாயின் குடியைச் சேரும். கோயில் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு வண்ணக்கர் இருந்தது போலப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்கார் இருந்தார். மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை வீட்டுக்குக் கூப்பிடுகிற வழக்கமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. குரவை போடுவது தமிழ்ப் பெண்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்கிற இளம் அம்மாக்கள் இருக்கிறார்கள். முஸ்லிம் கல்யாண வீடுகளிலும் மூத்தம்மாமார் போடுவார்கள், இப்போது குறைந்து வருகிறது. பிள்ளைக்கு நாக்கை ஆட்டிக் குரவை போடப் பழக்கிப் பாருங்கள், பிறகு வீட்டில் யாருக்கும் நித்திரை இல்லை.

காசு கதையும் இருக்கிறது, பிள்ளைகளுக்கு இதுதான் முதலில் விளங்கும். நமக்குச் சித்திரையில் கைவிசேஷம், முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு, சிங்கள வீட்டில் வெற்றிலையோடு வைத்துக் கொடுக்கிற கனுதெனு. மூன்றையும் ஒரே வருசத்தில் வாங்கின பிள்ளைகளை எனக்குத் தெரியும், கெட்டிக்காரப் பிள்ளைகள்.

முன்பள்ளியில் கலாசார நாள் என்று உடுப்புப் போட்டுக் கூட்டிவரச் சொல்கிறார்கள். நல்லதா?

எனக்குப் பிடிக்காது. ஒருவருக்குத் தொப்பி, ஒருவருக்கு ஒசரி (சிங்களச் சேலைக்கட்டு), ஒருவருக்கு வேட்டி, மேடையில் பத்து நிமிஷம், படம், முடிந்தது. மற்றவர் சமயம் என்பது வேசம் போடுகிற சாமான் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அந்த உடுப்புக் காசில் பிள்ளைகளை ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போய் உட்கார வைக்கலாம்.

அம்பாறைப் பக்கம் இருக்கிறோம், பக்கத்தில் சிங்களக் குடும்பங்கள். பிள்ளைக்குப் பாஷை தெரியாது. எப்படிப் பழக விடுவது?

சித்திரைதான் வழி, ஏனென்றால் வருசப்பிறப்பு நமக்கும் அவர்களுக்கும் ஒன்று. சூரியன் மேடத்துக்குப் போகிற நேரத்தை வைத்துத்தான் இருவரும் கணக்குப் பார்க்கிறோம். நாம் மருத்துநீர் வைத்துக் குளிக்கிறோம், அவர்கள் புண்ணியகாலத்தில் வேலை எல்லாம் விட்டுவிட்டு, சொன்ன நேரத்துக்கு, சொன்ன திசையைப் பார்த்து அடுப்பு மூட்டிப் பால் பொங்க வைக்கிறார்கள். கிரிபத் என்கிற பாற்சோற்றை இலையில் பரத்தி வைரத் துண்டாக வெட்டி வைத்திருப்பார்கள். நம் சர்க்கரைப் பொங்கலை எதிர்பார்த்து வாயில் வைக்கிற பிள்ளை இனிப்பைத் தேடும், அதோடு வைக்கிற லுணுமிரிஸ் என்ற மிளகாய்ச் சம்பலை அதிகம் தொட விடாதீர்கள், உறைக்கும். கொக்கிஸ் பலகாரம் நம் வீட்டிலும் சுடுகிறோம், அதனால் அதற்கு அறிமுகம் தேவையில்லை. "சுப அலுத் அவுருத்தக் வேவா" என்ற ஒரு வரியை மட்டும் பாடமாக்கிக் கொடுங்கள். அதைக் கேட்ட சிங்கள ஆச்சிமார் பிள்ளையை விடவே மாட்டார்கள்.

பிறகு விளையாட்டு. யானைக்குக் கண் வைத்தல், தலையணைச் சண்டை, வழுக்குமரம் ஏறுதல், எதற்கும் பாஷை வேண்டாம். நம் பக்கம் போர்த்தேங்காய் அடிக்கிற (தேங்காயோடு தேங்காய் மோதி உடைக்கிற) ஊர்களுக்கு அவர்களைக் கூப்பிடலாம்.

பெரிய பிள்ளையாக இருந்தால் கொம்புமுறி பற்றிச் சொல்லுங்கள், இது எனக்கு மிகவும் பிடித்த கதை. கண்ணகி வழிபாட்டோடு வருகிற விளையாட்டு. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும், ஒன்று கோவலன் பக்கம், மற்றது கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு மரக் கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, இரண்டு பக்கமும் சேர்ந்து இழுப்பார்கள், யாருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றார்கள். தோற்ற பக்கத்தைப் பாட்டிலேயே கிழிப்பார்கள், அதையும் சடங்கு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பொத்துவிலுக்குத் தெற்கே பாணமைக்குப் போனால் இதே விளையாட்டு அங்கெலிய என்ற பெயரில் இருக்கிறது. அங்கே பக்கங்களுக்கு உடுபில, யட்டிபில என்று பெயர், அம்மனுக்குப் பத்தினி தெய்யோ என்று பெயர். அதே கண்ணகிதான். பாணமையில் தமிழரும் சிங்களவரும் தலைமுறை தலைமுறையாகக் கலந்து கட்டியிருக்கிறார்கள், யார் யார் என்று பிரித்துக் கேட்டால் ஊர்க்காரருக்கே சிரிப்பு வரும்.

முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள் என்று பிள்ளைக்குப் பொதுவாகச் சொல்லிக் கொடுக்கலாமா?

வேண்டாம். கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகை என்ற இறைநேசர் பெயரால் வருசா வருசம் கொடியேற்றம் நடக்கிறது, ஊரே கூடும், கடை போடுவார்கள், தமிழ்ச் சனமும் போகும். ஆனால் அந்தக் கொடியேற்றம் மார்க்கத்தில் இல்லை என்று போகாத முஸ்லிம் குடும்பங்களும் அதே தெருவில் இருக்கிறார்கள். கத்தோலிக்க வீட்டில் மாதா சொரூபம் இருக்கும், செப்டம்பரில் ஆயித்தியமலைக்கு நடந்து போவார்கள். 1814இல் மட்டக்களப்புக்கு வந்த வெஸ்லியன் மிஷன் வழியில் வந்த மெதடிஸ்த வீட்டில் சொரூபம் இருக்காது. நம் சைவ வீடுகளிலும் ஒரு வீட்டுப் பழக்கம் மறு வீட்டில் இல்லையே. அதனால் "முஸ்லிம்கள் இப்படி" என்பதை விட "முன்வீட்டு மாமி வீட்டில் இப்படி" என்று சொல்வது எப்போதும் சரியாக இருக்கும்.

சின்னச் சமூகங்களையும் விட்டுவிடாதீர்கள். மட்டக்களப்பு டவுனில் பறங்கியர், அதாவது ஐரோப்பியக் கலப்பு வழி வந்தவர்கள், இருக்கிறார்கள், போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டியது 1628இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்தது 1638இல். கோட்டை கை மாறிப் போய் இத்தனை காலத்துக்குப் பிறகும் சில வீடுகளில் அந்தப் போர்த்துக்கேயக் கலப்பு மொழி பேசுகிறார்கள், நத்தாருக்கும் கல்யாணத்துக்கும் வயலின் வைத்துக் கபிரிஞ்ஞா ஆடுகிறார்கள். வாகரைப் பக்கம் தமிழ் பேசுகிற வேடர் குடும்பங்கள், அவர்களுக்குக் குமார தெய்வத்துக்குச் செய்கிற சடங்கு.

பழைய சண்டைகளைப் பற்றிப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

பிள்ளை கேட்காமல் நாமாகத் தொடங்க வேண்டாம். கேட்டால் பொய் சொல்லவும் வேண்டாம். ஆறு வயதுக்குள் என்றால் "முந்தி இங்க சண்டை நடந்தது, எல்லாப் பக்கமும் ஆட்கள் செத்தாங்க, எல்லாரும் பயந்து இருந்தாங்க, இப்ப சண்டை இல்ல" என்பதே போதும். பிள்ளை உண்மையில் கேட்பது "எனக்கும் அப்படி நடக்குமா" என்றுதான், அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பத்து வயதுக்கு மேல் என்றால் நடந்ததைப் பெயரோடு சொல்ல வேண்டிவரும். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே வருசம் செப்டம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள், குழந்தைகளோடு கொல்லப்பட்டன. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததில் ஞாயிறு வகுப்புக்கு வந்த பிள்ளைகளும் போனார்கள். நம் பக்கத்து இழப்பை மட்டும் சொல்லி நிறுத்துவதுதான் இங்கே எல்லாரும் செய்கிற வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாவிட்டால் அன்றைக்குக் கதையைத் தொடங்காதீர்கள். செய்தவர் யார் என்பதைச் சொல்லும்போது ஆயுதம் வைத்திருந்த ஆட்களைச் சொல்லுங்கள், அடுத்த தெருவைச் சொல்லாதீர்கள்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 எல்லாருக்கும் பொதுவான நாள். நாவலடி, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில் என்று கடல் ஊர் பார்த்து வரவில்லை. அன்றைக்கு ஒரு விளக்கு ஏற்றுகிற வீடு என்றால் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மம்மா மற்றச் சனத்தைப் பற்றி ஒரு மாதிரிக் கதைக்கிறார். பிள்ளைக்கு முன்னால் எப்படித் தடுப்பது?

பிள்ளைக்கு முன்னால் அம்மம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள், அவர் இன்னும் கூடச் சொல்லுவார். பிறகு பிள்ளையிடம் தனியாக, "அம்மம்மாவுக்கு அந்த நாள்ல கஷ்டம் நடந்தது, அதுதான் அப்படிக் கதைக்கிறா, ஆனா நாங்க அப்படிச் சொல்லுறல்ல" என்று சொல்லுங்கள். பல நேரம் அதே அம்மம்மாவிடம்தான் பழைய முஸ்லிம் கூட்டாளியின் கதையும் இருக்கும். வயல் காவலுக்கு யார் துணை, நெல்லு யார் வாங்கினார்கள், கல்யாணத்துக்கு யார் அரிசி மூட்டை அனுப்பினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வசவை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் கதைப்பார்.

இப்படிப் பழக விட்டால் பிள்ளை வேறு சமயத்துக்குப் போய்விடாதா?

வட்டிலப்பம் சாப்பிட்டு யாரும் சமயம் மாறியதாக நான் கேள்விப்படவில்லை. தன் வீட்டில் எதுவும் நடக்காத பிள்ளைதான் பிறகு வெளியில் தேடும்.

நான் கத்தோலிக்கம், கணவர் சைவம். பிள்ளைக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது?

இரண்டையும் செய்யுங்கள், ஆனால் முழுதாகச் செய்யுங்கள். குடிலும் வைக்க வேண்டும், பொங்கவும் வேண்டும். அரைகுறையாக இரண்டையும் விட்டுவிட்டு "பெரிய ஆளானதும் அவன் தெரிவு செய்யட்டும்" என்றால், தெரிவு செய்ய அவனிடம் ஒன்றும் இருக்காது. பாடசாலையில் எந்தச் சமய பாடம் என்பதைச் சேர்க்கும்போதே நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவெடுத்து வையுங்கள், இரண்டு பக்கத்து மாமியாருக்கும் ஒரே நாளில் சொல்லிவிடுங்கள்.

பக்கத்தில் வேறு சமூகத்து ஆட்கள் யாருமே இல்லை. காசும் இல்லை. என்ன செய்வது?

மட்டக்களப்பில் இருந்து அக்கரைப்பற்றுப் பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் பிள்ளையை வையுங்கள். கல்லடிப் பாலம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் காத்தான்குடியில் நடுத்தெருவில் பேரீச்ச மரங்கள் வரிசையாக வரும், அடுத்து ஆரையம்பதியில் கோயில் கோபுரம். பிறகு குருக்கள்மடம், களுவாஞ்சிகுடி, கல்லாறு. மருதமுனையில் இறங்கினால் உள்தெருவில் கைத்தறிச் சத்தம் கேட்கும், நெய்கிற வீட்டில் கேட்டால் உள்ளே விட்டுக் காட்டுவார்கள், சாரனில் எத்தனை நிறம் என்று பிள்ளை எண்ணட்டும். அடுத்தது பாண்டிருப்பு, திரௌபதை அம்மன் கோயில், தீ மிதிக்கிற ஊர். பிறகு கல்முனை, சாய்ந்தமருது, விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு, நிந்தவூர். ஒரு தமிழ் ஊர், ஒரு முஸ்லிம் ஊர் என்று மாறி மாறி வருவதைப் பிள்ளையே கண்டுபிடித்துச் சொல்லும், நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். சோறு கட்டிக்கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் ஊர்களில் கடை எல்லாம் பூட்டியிருக்கும், பிள்ளைக்கு ஒரு ஐஸ்பழம்கூட வாங்க முடியாது.